வீட்டுத்தொட்டியில் ஏஞ்சல் கடல்மீன்

கடல்சூழ்ந்த உலகம் என்று நம் புலவர்கள் நிலத்திற்கு அடைகொடுத்துக் கூறுவது வழக்கம். எனினும் கடலைக் கண்ணாற் காணாமலே பள்ளிப்பருவத்தைக் கழித்தவர் நம் கல்லூரியிற் பலர் உளர். திருச்சிராப்பள்ளிக்குக் காவிரி உண்டு, கொள்ளிடம் உண்டு, மலைக்கோட்டை உண்டு, கடல் இல்லை. நாகப்பட்டினத்துக் கரையை அடைய ஏறத்தாழ 140 கிலோமீட்டர் செல்லல் வேண்டும். ஐந்திணையுள் நெய்தலை நாம் ஏட்டிற் கற்றதன்றி நாட்டிற் கண்டதில்லை. இத்தகைய மருதநிலத்து ஊரில், கைலாசபுரக் குடியிருப்பின் ஒரு சிறு கூடத்தில், கடல்மீன் ஒன்றை நலமுற வளர்த்தல் கூடுமோ என்பதே இக்கட்டுரை ஆராயப் புகுந்த பொருளாகும். கூடும் என்பதே என் துணிபு. ஆயின் அதற்குச் சில நெறிகள் உள. அவற்றை அறியாது முதலில் இழுக்குற்றுப் பின்னர்க் கற்றுக்கொண்டவன் ஆதலின், அறிந்த அளவிற் கூறுவல்.

பெயரும் இனமும்

ஏஞ்சல் என்னும் சொல் தேவதூதன் என்று பொருள்படும். இப்பெயர் தம்முள் நெருங்கிய உறவில்லாத இருவகை மீன்களுக்கு வழங்குதலால், கற்பார் மயங்குதற்கு இடனுண்டு. சென்னைக் கொளத்தூரிலிருந்து ஊர்தோறும் வந்து விற்பனையாகும் ஏஞ்சல் மீன் நன்னீர்க்கு உரியது. அதன் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகை. நாம் ஈண்டுக் கூறப்போவது அதுவன்று. பவளப்பாறைகளை இடமாகக் கொண்டு வாழும் கடல் ஏஞ்சலே யாகும். விலங்கியலார் இதன் குடும்பத்தைப் 'பொமகாந்திடே' என்பர். ஏறத்தாழ 90 இனங்கள் இக்குடும்பத்துள் அடங்கும்.

இப்பெயரின் சொற்பிறப்பு அறியத்தக்கது. கிரேக்க மொழியில் 'பொமா' என்பது மூடி. 'அகாந்தா' என்பது முள். செவுள்மூடியின் கீழ்மூலையில் பின்னோக்கி நீண்டிருக்கும் முள்ளொன்று இக்குடும்பத்து மீன்களுக்கு உண்டு. உருவத்தால் ஒத்துத் தோன்றும் பட்டாம்பூச்சி மீன்களுக்கு அம்முள் இல்லை. ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிதற்கு அம்முள்ளே சிறந்த அடையாளம். இது வெறும் ஏட்டறிவன்று. ஏஞ்சல் மீனை வலையால் வாரினால் அம்முள் வலைக்கண்ணிற் சிக்கிக்கொள்ளும். விடுவிக்க முயலுங்கால் செவுள் கிழியும். ஆதலின் இம்மீனை வலையால் எடாது, கிண்ணத்தால் நீரோடு முகந்தெடுத்தலே முறை. பெயரின் பொருளை யுணர்ந்தவன் மீனின் உயிரையும் காப்பான் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இக்குடும்பத்துட் பெரியனவும் உண்டு, சிறியனவும் உண்டு. நம் மன்னார் வளைகுடாவிற் காணப்படும் அரைவட்ட ஏஞ்சலின் குஞ்சு, கருநீல மேனியில் வெண்மையும் நீலமுமான வளைகோடுகள் பொலியக் காண்பார் உள்ளத்தைக் கவரும். வளர்ந்தபின் அக்கோடுகள் மறைந்து, நிறமே வேறாகிவிடும். நீளமோ 35 சென்டிமீட்டருக்கு மேற்செல்லும். விரலளவு குஞ்சின் அழகில் மயங்கி வீட்டுத்தொட்டியில் இட்டவன், இரண்டோராண்டில் அதனைத் திரும்பவும் இடமில்லாச் சிறையில் வைத்தவன் ஆவன். ஆதலின் வீட்டில் வளர்ப்போர் நாடத்தக்கன 'சென்ட்ரோபைஜி' என்னும் குறுவகை ஏஞ்சல்களே. இவற்றுட் பெரும்பாலானவை 10 அல்லது 12 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. யான் வளர்ப்பது இவற்றுள் ஒன்றாகிய 'கோரல் பியூட்டி'. மேனி ஊதாநீலம், விலாப்புறம் கிச்சிலிப்பழ நிறம். ஆப்பிரிக்கக் கீழ்க்கரை தொடங்கிப் பசிபிக்குத் தீவுகள்வரை அதன் இனத்தார் பரவி வாழ்கின்றனர்.

யான் செய்த பிழை

பள்ளியிறுதித் தேர்வு முடிந்த விடுமுறையில் என் சிற்றப்பா எனக்கோர் கண்ணாடித்தொட்டி வாங்கித் தந்தார். கடைக்காரர் ஒருவர் கூறியவாறு நீரில் உப்பைக் கரைத்து, மணல் பரப்பி, ஆறாம் நாளே குறுவகை ஏஞ்சல் ஒன்றை வாங்கிவந்து இட்டேன். அது கடலிற் பிடிக்கப்பட்ட மீன். எக்கடலில், எம்முறையாற் பிடித்தனர் என்று யானும் வினவவில்லை; அவரும் கூறவில்லை. முதல்நாள் அது ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. நாணத்தால் நிற்கின்றதென்று நாங்கள் நினைத்தோம். நான்காம் நாள் இட்ட உணவை ஏறெடுத்தும் பாராது விட்டது. ஏழாம் நாள் அதன் செவுள்கள் விரைந்து அடித்துக்கொண்டன. மேனியிற் பொடி தூவியது போன்ற மாசு படர்ந்தது. ஒன்பதாம் நாட் காலையில் மிதந்தது. 

என் தங்கை அன்று பள்ளிக்குச் செல்லாமல் அழுதாள். "அண்ணா, அதை அங்கேயே விட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. அன்று தொடங்கித் தொட்டியில் மீன் எதுவும் இடாது, நான்கு திங்கள் இதனைக் குறித்துக் கற்றேன். கற்றதன் பயனாக யான் உணர்ந்தவை இரண்டு. ஒன்று: அம்மீன் வருமுன் அதற்குரிய நீரை யான் ஆக்கவில்லை. மற்றொன்று: கடலினின்று பறிக்கப்பட்ட மீனைத் தேர்ந்தது முதற்கோணல். இவற்றைப் பின்னதிலிருந்து விளக்குவாம்.

கடலிற் பிடித்தலும் பண்ணையிற் பிறத்தலும்

பவளப்பாறை மீன்களை உயிரோடு பிடிப்பதற்குச் சயனைடு என்னும் நஞ்சைப் பாறையிடுக்குகளிற் பீய்ச்சும் வழக்கம் 1960-களிற் பிலிப்பைன்சு நாட்டிற் பரவியது. மீன் மயங்கிக் கைக்கு எளிதாகும். அருகிலுள்ள பவளவுயிர்கள் மாளும். பிடிபட்ட மீனும் பின்னர் ஈரல் முதலியன கெட்டு இறத்தல் உண்டு. நஞ்சின்றி வலையாற் பிடித்தாரும் உளர் எனினும், கடையில் நிற்கும் மீனைக் கண்ட அளவில் இன்னதென வேறுபடுத்தல் வாங்குவோர்க்கு அரிது.

பாறை கெட்டால் யாது நேரும் என்பதை அறிய அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்பிற்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் அகழப்பட்டமையால், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. அவ்வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஆதலின் அழகு கருதி இராமேசுவரக் கரையிலிருந்து பவளக்கல் கொணர்தல் குற்றமாகும். என் தொட்டியில் உள்ள கல் செயற்கையாக வார்க்கப்பட்ட உலர்கல்லே.

இக்கேட்டிற்கு மாற்றாக அறிஞர் கண்ட வழி, மீனைக் கடலினின்று எடாது, தொட்டியிலேயே முட்டையிடச்செய்து குஞ்சுகளை வளர்த்தலாகும். நம் நாட்டில் இத்துறைக்கு உழைக்கும் நிலையங்களுள் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் முதன்மையானது. அது 1947-இல் நிறுவப்பெற்றது. 1949 முதல் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, 1971-இல் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் அதன் வட்டார நிலையம் உளது. ஆண்டும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தும், கோமாளி மீன் முதலியவற்றைத் தொட்டியிலேயே பெருக்கும் முறை கைவரப்பெற்றுள்ளது.

கோமாளி மீன் எளிதிற் பெருகுதற்கும் ஏஞ்சல் மீன் அரிதிற் பெருகுதற்கும் காரணம் அவற்றின் பிறப்பு முறையே. கோமாளி மீன் கல்லின்மேல் முட்டைகளை ஒட்டவைக்கும். தந்தைமீன் வாயாலும் துடுப்பாலும் அவற்றைத் துப்புரவு செய்து, நீர்வீசிக் காக்கும். ஏழெட்டு நாளிற் பொரித்து வெளிப்படும் குஞ்சு, 'ரோட்டிஃபர்' என்னும் நுண்ணுயிரியை உண்ணும் அளவிற்கு வாயும் கண்ணும் பெற்றிருக்கும்.

ஏஞ்சல் மீனோ அங்ஙனமன்று. கதிரவன் மறையும் வேளையில் ஆணும் பெண்ணும் இணைந்து மேலெழுந்து, வெளிநீரில் முட்டைகளையும் விந்தையும் விட்டுப் பிரியும். முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிது. அதனுள் உள்ள எண்ணெய்த்துளியால் மிதக்கும். ஒரு நாளைக்குள் பொரித்துவிடும். பொரித்த குஞ்சிற்கு வாயுமில்லை, பார்வையுமில்லை. இரண்டு மூன்று நாள் தன் வயிற்றுக் கருவுணவால் வாழ்ந்து, பின்னரே வாய்திறக்கும். அவ்வாயும் ரோட்டிஃபரை விழுங்கமாட்டாத சிறுமையுடையது. ஆதலின் உணவின்றி மடியும். எத்தனையோ ஆராய்ச்சியாளர் இந்நிலையிற் கைவிட்டனர்.

அமெரிக்க நாட்டுப் புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பார் 1970-களிற் பெருவகை ஏஞ்சல்களின் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். குறுவகை ஏஞ்சல்களை வளர்க்கும் வழி இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஹவாய்த் தீவுகளில் தெளிவுபட்டது. ஆங்கு இம்முயற்சியில் ஈடுபட்டோருள் பிராங்கு பென்சு என்பார் குறிப்பிடத்தக்கவர். துடுப்புக்காலிகள் எனப்படும் கடல் நுண்ணுயிரிகளின் இளங்குஞ்சுகளே இம்மீன்குஞ்சின் முதலுணவு என்பது அறியப்பட்டது. அவை ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கினும் சிறியன. அவற்றை வளர்க்க ஒருவகைப் பாசியை வளர்த்தல் வேண்டும். பாசி வளரத் தூய கடல்நீரும் ஒளியும் வேண்டும். இங்ஙனம் பாசி, துடுப்புக்காலி, மீன்குஞ்சு என மூன்று பண்ணைகளை ஒருங்கே நடத்தி, ஏறத்தாழ இரண்டு திங்கள் இரவும் பகலும் காத்த பின்னரே குஞ்சு மீன்வடிவம் எய்தும். இவ்வுழைப்பே பண்ணைமீனின் விலையுயர்விற்குக் காரணம். கடல்மீனினும் பண்ணைமீன் விலை மிகுதியென்று கடையில் முனகுவோர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.

மீனுக்கு முன் நீர்

இனி வளர்க்கும் முறையைக் கூறுவாம். என் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உடையது. கல்லும் மணலும் போக ஏறத்தாழ 150 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 150 கிலோகிராம் ஆதலின், உறுதியான இரும்புத்தாங்கியின்மேல், வெயில்படாத சுவரோரம் வைத்தல் வேண்டும்.

தூத்துக்குடி உப்பைக் கரைத்தாற் கடல்நீர் ஆகாதோ என்று என் தோழர் ஒருவர் வினவினார். ஆகாது. உப்பளத்திற் கடல்நீர் வற்றுங்கால் சுண்ணச்சத்துப் பொருள்கள் முன்னரே படிந்துவிடும். அடுத்துச் சோற்றுப்பு விளையும். மக்னீசிய உப்புகள் எஞ்சிய கைப்புநீரிலேயே நின்றுவிடும். உண்ணத்தக்க உப்பைக் கடலினின்று பிரிப்பதே உப்பளத்தின் தொழில். மீனுக்கு வேண்டுவதோ பிரிக்கப்படாத முழுமை. ஆதலின் அவ்வெல்லாப் பொருள்களும் உரிய அளவிற் சேர்ந்த செயற்கைக் கடலுப்பையே வாங்குதல் வேண்டும்.

குழாய்நீரில் குளோரின் உண்டு. ஆகவே ஆர்.ஓ. கருவியால் வடித்த நீரை ஒரு வாளியில் எடுத்து, லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் உப்பு இட்டு, ஒருநாள் முழுதும் சிறு நீரேற்றியாற் கலக்கி, ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்பதைக் கருவியால் அறிந்த பின்னரே தொட்டியில் வார்த்தல் முறை. என் தொட்டிக்கு முதன்முறை 5 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட உப்புச் செலவாயிற்று. வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியசு, பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை இருத்தல் நன்று.

நீர் தெளிந்து தோன்றினமையாலே அது பக்குவமடைந்ததென்று எண்ணற்க. யான் முதலிற் செய்த பிழை இதுவே. மீனின் கழிவினின்று அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் மணலிலும் குடியேறும் ஒருசார் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொருசார் அதனை நைட்ரேட்டாக மாற்றும். பின்னது சிறிதளவில் தீங்கற்றது. வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றினாற் குறையும். இந்நுண்ணுயிர்கள் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீனிடாது, சிறிது அம்மோனியம் குளோரைடு இட்டு அவற்றை வளர்த்தல் வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பின்னர் நைட்ரைட்டு ஏறி இறங்கும். இரண்டும் சுழியாகிய நாளே தொட்டி உயிர்பெற்ற நாள். என் குறிப்பேட்டில் அது 38-ஆம் நாள் எனப் பதிந்துளது. வெறுந்தொட்டியை நாள்தோறும் அளந்து எழுதும் என்னைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்தனர். ஆயினும் அவ்வெறுமை வீணன்று. கடல்மீன்களின் வெண்புள்ளி நோய்க்குரிய ஒட்டுண்ணி, பற்றிவாழ மீனின்றி நாளடைவில் மடியும். அதற்கென 76 நாள் தொட்டியை மீனின்றி விடுதல் வளர்ப்போர் பலர் கைக்கொள்ளும் வழக்கம். யானும் அதனைக் கைக்கொண்டேன்.

குஞ்சின் வரவு

அயல்நாட்டுப் பண்ணையொன்றிற் பிறந்து, சென்னை வழியாக என்னிடம் வந்த கோரல் பியூட்டிக் குஞ்சு மூன்று சென்டிமீட்டர் நீளமே இருந்தது. ஓர் உரூபாய் நாணயத்தினும் சற்றே பெரிது. பையில் நெடும்பயணம் செய்த மீனை நீருக்குப் பழக்குங்கால் ஒரு நுட்பம் அறியத்தக்கது. மூடிய பையில் மீனின் மூச்சால் கரியமிலவாயு மிகுந்து, நீரின் பி.எச். தாழ்ந்திருக்கும், அந்நிலையில் அம்மோனியா பெரும்பாலும் கடுமையற்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்தவுடன் கரியமிலவாயு வெளியேறப் பி.எச். உயரும், அடங்கியிருந்த நஞ்சு தலையெடுக்கும். ஆகவே திறந்த பையில் மணிக்கணக்காகத் துளித்துளியாக நீர்சேர்த்தல் தீது. மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தை ஒப்பச்செய்து, வருமுன்னரே பைநீரின் உப்பளவைக் கேட்டறிந்து அதற்கேற்ப ஆயத்தம் செய்த தனித்தொட்டியில், கிண்ணத்தால் முகந்து விடுதலே நலம். பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

பண்ணையிற் பிறந்ததெனினும் முப்பது நாள் தனித்தொட்டியில் வைத்து நோய் உண்டோ என நோக்குதல் வேண்டும். அத்தொட்டியிற் கல் வேண்டா. ஒளிந்துகொள்ள இரண்டொரு குழாய்த் துண்டுகள் போதும். செம்புச்சத்துள்ள மருந்தைக் குறுவகை ஏஞ்சல்கள் எளிதில் தாங்கா. ஆதலின் நோய் காணாதபோதே அதனை இடுதல் கூடாது.

முப்பது நாட்குப்பின் பெருந்தொட்டிக்கு மாற்றுங்காலும் உடனே வெளியே விடலாகாது. அங்குக் கோமாளி மீன் இரண்டு முன்னரே இருந்தன. பண்ணைக்குஞ்சு தன்னொத்த குஞ்சுகளோடன்றிப் பிற மீன்களோடு பழகியதில்லை, பகையை அறியாது, ஓடி ஒளியவும் அறியாது. துளைகளையுடைய தெளிந்த நெகிழிப்பெட்டி ஒன்றைத் தொட்டியினுள்ளே தொங்கவிட்டு, அதனுள் இருவாரம் வைத்தேன். உள்ளிருந்தவாறே அது பிறரைக் கண்டது. பிறரும் அதனைக் கண்டு சலித்தனர். பின்னர்ப் பெட்டியைத் திறந்தபோது சண்டை நிகழவில்லை.

குறுவகை ஏஞ்சல்களுள் மற்றோர் இயல்பும் உண்டு. ஓர் ஆண் பல பெண்களோடு கூடி வாழும். இவை யாவும் முதலிற் பெண்ணாகவே வளர்வன. ஆண் மறைந்துழி, பெண்களுட் பெரியது ஆணாக மாறும். இடங்காவலில் கடுமையுடையன ஆதலின், 150 லிட்டர்த் தொட்டிக்கு ஒன்றே போதும். பவளம் வளர்ப்போர்க்கு இன்னோர் எச்சரிக்கை: இம்மீன் சிலகாற் பவளவுயிரைக் கொறித்துப் பார்க்கும்.

உணவு

கடலில் இவ்வினம் நாள் முழுதும் பாறையிற் படிந்த பாசியையும் நுண்ணுயிர்களையும் கொறித்துத் திரிவது. ஒருவேளை மிகுதியாக உண்டு மறுநாள்வரை இருக்கும் இயல்பு இதற்கில்லை. மூன்று சென்டிமீட்டர்க் குஞ்சிற்கோ வயிறு கடுகளவு. ஆகவே நாளொன்றுக்கு ஐந்துமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்தில் உண்டு தீரும் அளவே இடல் வேண்டும். காலையிற் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சு. நண்பகலில் நுண்ணிதாகப் பொடித்த குருணை. மாலையில் உறையவைத்த மைசிஸ் என்னும் சிற்றிறால்வகையை நறுக்கியது. எப்பொழுதும் கொறிக்க உலர்ந்த கடற்பாசித் தாளில் ஒரு சிறு துண்டு. பண்ணைமீனின் பெருநன்மை ஈண்டு விளங்கும். கடலிற் பிடித்த மீன் குருணையை உணவென்றே அறியாது பட்டினி கிடக்கும்; பண்ணைமீனோ முதல்நாளே கையை நோக்கி வரும்.

யான் கல்லூரிக்கு வந்தபின் நண்பகலுணவை இடுபவர் என் அன்னையார். தொடக்கத்தில், "உனக்கு ஊட்டியது போதாதென்று இதற்கும் ஊட்டவேண்டுமா?" என்று கடிந்தவர், இப்பொழுது யான் கேளாமலே, "இன்று இரண்டு துண்டு பாசி தின்றது" என்று கணக்குக் கூறுகின்றார். ஆறு திங்களில் மீன் ஐந்து சென்டிமீட்டருக்கு வளர்ந்துளது.

கோடையும் மின்தடையும்

கடலில் வெப்பம் மெல்ல மாறும், திருச்சிராப்பள்ளியில் அங்ஙனமன்று. சித்திரை வைகாசியில் வெளிவெப்பம் 40 பாகையை எட்டுங்கால் தொட்டிநீர் 31 பாகையைத் தொட்டுவிடும். நீர் சுடச்சுட அதிற் கரைந்துநிற்கும் உயிர்வாயு குறையும். மீனுக்கோ அப்பொழுதுதான் மூச்சு மிகுதியாக வேண்டும். குளிரூட்டும் கருவி விலைமிக்கது. நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி ஒன்றை வைத்தேன். நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவர்ந்து செல்லுதலால், இரண்டு மூன்று பாகை தணிந்தது. மண்பானை நீர் குளிர்வதும் இக்காரணத்தாலேயே.

ஆயின் இதிலும் ஓர் இடர் உண்டு. கோடையில் என் தொட்டியினின்று நாளொன்றுக்கு இரண்டு லிட்டர்வரை நீர் வற்றும். வற்றுவது நீரே, உப்பு வற்றுவதில்லை. வற்றிய இடத்தை உப்புநீரால் நிரப்பினால் நாடோறும் உப்பு ஏறும். ஆகவே உப்பிலா வடிநீராலேயே நிரப்புதல் வேண்டும். புதியோர் பலர் தவறுவது இவ்விடத்தே. மின்தடை நேருங்கால் நீரோட்டம் நின்று மூச்சு முட்டும். பொருட்டாக, மின்கலத்தால் இயங்கும் காற்றேற்றி ஒன்றைத் தொட்டியருகே எப்பொழுதும் வைத்தல் இன்றியமையாதது. சென்ற வைகாசியில் இரவு நான்குமணிநேரம் மின்சாரம் இல்லை. எந்தையார் என்னை எழுப்பாமல், தாமே அதனைப் பொருத்தி, விடியும்வரை அருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார். இதனை மறுநாள் அன்னையார் கூறவே அறிந்தேன்.

ஒரு வினா

ஒருநாள் மாலை என் தங்கை தொட்டிமுன் அமர்ந்து நெடுநேரம் நோக்கியிருந்தவள், "அண்ணா, இதற்குக் கடல் எப்படி இருக்கும் என்று தெரியுமா?" என்று வினவினாள். யான் சற்றே திகைத்தேன். இம்மீன் கடலைக் கண்டதில்லை. அதன் பிறப்புத் தொட்டியில், வளர்ப்புத் தொட்டியில், வாழ்வும் தொட்டியில். தெரியாது என்றேன். "அப்படியானால் நாம்தான் இதற்குக் கடல்" என்றாள் அவள்.

யான் நான்கு திங்கள் கற்றதெல்லாம் அவ்வொருசொல்லுள் அடங்கிற்று. பண்ணைமீனை வாங்கியதால் நாம் கடலினின்று ஒன்றையும் பறிக்கவில்லை என்பது உண்மை. ஆயின் அதுபற்றி நம் கடன் குறைந்ததாகாது, கூடியதேயாகும். கடல்மீனுக்குத் தாயாய் இருந்தது கடல். அதன் நீரை அளப்பாரில்லை, வெப்பத்தைத் தணிப்பாரில்லை, உணவை நறுக்குவாரில்லை. அவ்வளவும் இதற்கு நாமே செய்தல் வேண்டும். ஒருநாளும் தவறாது செய்தல் வேண்டும். சலிப்புற்றபோது காவிரியில் விடுதலும் ஆகாது. நன்னீரில் அது அன்றே மாளும். கடலில் விடுதலும் ஆகாது. தொட்டியில் உற்ற நோயை அவ்விடத்து மீன்களுக்கு அது பரப்புதல் கூடும். இனி வளர்க்க இயலாதெனின் வளர்க்கவல்லார் ஒருவரிடம் ஒப்படைத்தலே அறம்.

மாணவ நண்பர்காள்! இத்தொழில் செல்வர்க்குரிய பொழுதுபோக்கென்று எண்ணற்க, பொறுமையுடையார்க்கு உரியதென்க. பொருள் குறைந்தோர், இந்நாட்டிலேயே பெருக்கப்படும் கோமாளி மீனிலிருந்து தொடங்குக; அது பிழை பொறுக்கும். நீரை முதலில் ஆக்குக. மீனைப் பின்னர்க் கொள்க. வாங்குமுன், இது எங்கே பிறந்தது என்று கடையில் வினவுக; நம்முட் பலர் அங்ஙனம் வினவுவோமாயின், விடைகூறக்கூடிய மீன்களையே விற்போரும் கொணர்வர். அவ்வொரு வினாவை யான் அன்று வினவியிருந்தால், ஒன்பதே நாளில் ஓர் உயிர் என் கையில் மடிந்திராது. அக்குறையை நிறைவுசெய்ய இயலாது. மற்றொருவர்க்கு அது நேராமற் காக்கலாம். அதன் பொருட்டே இதனை எழுதினேன்.